யாரும் இயற்றாத சட்டம்

1790 ஆகஸ்ட் 17 தேதியிட்ட ஒரு நன்றிக் கடிதம்தான் என்னை இந்தத் தேடலுக்குள் இழுத்துவிட்டது. எழுதியவர் மோசஸ் செய்ஷஸ். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நியூபோர்ட் துறைமுக நகரத்து யூத சபையின் நிர்வாகி. அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அந்த ஊருக்கு வந்திருந்தபோது சபையின் சார்பில் கொடுத்த வரவேற்பு மடல் அது. வாஷிங்டன் அதற்கு எழுதிய பதில் பெரும்புகழ் பெற்றுவிட்டது. வழிபாட்டு உரிமை என்பது பெரும்பான்மையோர் மனமிரங்கித் தருவதல்ல, பிறவியோடு வருவது என்று சொல்லும் பதில் அது. மதவெறிக்கு இடம் கொடுக்காத, துன்புறுத்தலுக்குத் துணைபோகாத அரசு என்று அதில் வரும் தொடரை மேற்கோள் காட்டாத அமெரிக்கத் தலைவர்கள் குறைவு. அந்தத் தொடர் உண்மையில் செய்ஷஸுடையது. அவர் மடலில் இருந்ததை வாஷிங்டன் எடுத்து அப்படியே திருப்பிச் சொன்னார். மரியாதைக்குப் பதில் மரியாதை. ஆனால் பெயர் போய்ச் சேர்ந்தது ஒருவரிடம் மட்டும்தான்.

வாஷிங்டனின் கையொப்பமிட்ட மூலக்கடிதத்துக்கே ஒரு துப்பறியும் கதை உண்டு. மாரிஸ் மார்கன்ஸ்டர்ன் என்பவர் 1949-இல் அதை விலைக்கு வாங்கினார். பிறகு அது வாஷிங்டன் நகரில் பெனாய் பிரித் என்ற யூத அமைப்பின் அருங்காட்சியகத்தில் கடனாக வைக்கப்பட்டிருந்தது. 2002-இல் அந்த அருங்காட்சியகம் இடம் மாறியதும் கடிதம் பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைந்தது. 2011-இல் ‘ஃபார்வர்ட்’ பத்திரிகை தேடிப் பார்த்தபோது, மேரிலாந்தில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு அருகே கலைப்பொருள் கிடங்கொன்றில் அது பூட்டிக் கிடந்தது. மறுவருடம் ஃபிலடெல்ஃபியாவில் காட்சிக்கு வைத்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், பதிலை விட்டுவிட்டுக் கேள்வியைப் படிப்போமே என்று செய்ஷஸின் மடலை எடுத்தேன்.

மடலின் நடுவே ஒரு வாக்கியம் இடறியது. சுதந்திரக் குடிமக்களுக்குரிய விலைமதிப்பற்ற உரிமைகள் இதுநாள்வரை எங்களுக்கு இல்லாதிருந்தன, இப்போது மக்களே எழுப்பிய ஓர் அரசைக் காண்கிறோம், அதற்காக இறைவனுக்கு நன்றி என்கிறார் செய்ஷஸ். யூதர் ஒருவர் 1790-இல் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஐரோப்பாவில் பாதி நகரங்களில் அவர்கள் நிலை மோசம். வியப்பு அவர் எங்கிருந்து சொல்கிறார் என்பதில் இருக்கிறது. ரோட் ஐலண்ட் என்பது சமயச் சுதந்திரத்துக்காகவே பிறந்த குடியேற்றம். மாசசூசட்ஸ் அதிகாரிகள் நாடுகடத்திய ரோஜர் வில்லியம்ஸ், அரசுக்கு மனச்சாட்சியின்மீது அதிகாரம் இல்லை என்று சொல்லி 1636-இல் பிராவிடன்ஸ் ஊரை உண்டாக்கினார். ஜான் கிளார்க் லண்டனில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்து, 1663 ஜூலையில் இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் சாசனம் வாங்கினார். சமயக் கருத்து வேறுபாட்டுக்காக யாரையும் தொந்தரவு செய்யவோ தண்டிக்கவோ விசாரிக்கவோ கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. இந்த மண்ணில் நின்றுகொண்டு ‘இதுநாள்வரை இல்லாதிருந்தன’ என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அது வெறும் உபசார வார்த்தையா, அல்லது பட்ட காயமா?

நன்றிக் கடிதங்களை வரலாற்று ஆய்வாளர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. வழக்கு, வரி, கலகம் இவற்றின் காகிதங்களில்தான் விஷயம் இருக்கும் என்று எண்ணம். எனக்கு அது சரியென்று படவில்லை. எதற்கு நன்றி சொல்கிறார்கள் என்று பார்த்தால் எது கொடுக்கப்படாமல் இருந்தது என்று தெரிந்துவிடும். செய்ஷஸ் 1744-இல் பிறந்தவர். அவர் வாழ்நாளுக்குள் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, ரோட் ஐலண்ட் குடியேற்றத்தின் பழைய ஆவணங்களில் தேடத் தொடங்கினேன். அந்த மாநிலத்துக்கு ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட் என்ற செயலர் வாய்த்தது நம் பாக்கியம். கையெழுத்துப் பதிவேடுகளை எல்லாம் 1856 முதல் பத்துத் தொகுதிகளாக அச்சிட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

முதலில் கிடைத்தவை எல்லாம் நல்ல சேதிகள்தாம். 1677-இல் யூதர்கள் நியூபோர்ட்டில் இடுகாட்டுக்கு நிலம் வாங்குகிறார்கள். 1684-இல் அவர்கள் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்க, இங்கே வாழும் மற்ற அந்நியர்களுக்கு உள்ள பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு என்று சட்டசபை பதில் சொல்கிறது. அதே சமயத்தில் சுங்கத் தலைமை அதிகாரி வில்லியம் டையர், அந்நியர் வணிகம் செய்யக் கூடாது என்ற கப்பல் போக்குவரத்துச் சட்டத்தைக் காட்டி யூத வணிகர்கள்மேல் வழக்குப் போடுகிறார். 1685-இல் நீதிமன்றம் வணிகர்கள் பக்கம் தீர்ப்பளிக்கிறது. இந்த டையர் யார் தெரியுமா? குவேக்கர் நம்பிக்கைக்காக 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்ட மேரி டையரின் மகன். தாய் கழுத்தைக் கொடுத்த விஷயத்தில் மகன் வரிக்கணக்குப் பார்த்தார். மனிதர்கள் அப்படித்தான்.

ஆறாம் தொகுதியில், 1761-ஆம் ஆண்டுப் பக்கங்களில் காட்சி மாறுகிறது. அங்கே ஏரன் லோபஸ், ஐசக் எலிசர் என்ற இரு யூத வணிகர்கள் குடியுரிமை கேட்டு நிற்கிறார்கள்.

லோபஸ் சாதாரண ஆள் இல்லை. 1731-இல் லிஸ்பனில் பிறந்தவர். அங்கே வெளிக்குக் கத்தோலிக்கராக, துவார்த்தே என்ற பெயரோடு வாழ்ந்த குடும்பம். 1752-இல் நியூபோர்ட் வந்து இறங்கியதும் யூதப் பெயரை வைத்துக்கொண்டு, மனைவியை யூத முறைப்படி மறுபடி மணந்தார். திமிங்கிலக் கொழுப்பில் மெழுகுவத்தி செய்யும் தொழிலில் கொழித்தார். பிற்பாடு பல கப்பல்களுக்குச் சொந்தக்காரர். அவற்றில் சில ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்தன. தனக்கு உரிமை கேட்டு மன்றம் ஏறியவர் பிறர் உரிமையை விலைக்கு விற்றவர் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அவர் கேட்டது சலுகை அல்ல. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1740-இல் ஒரு சட்டம் போட்டிருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் ஏழாண்டு வாழ்ந்த அயல்நாட்டுப் புராட்டஸ்டண்டுகளும் யூதர்களும் உள்ளூர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து குடியுரிமை பெறலாம். பிரமாணத்தில் வரும் ‘கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின்மேல்’ என்ற சொற்களை யூதர்கள் விட்டுவிடலாம் என்று சட்டமே சொல்கிறது. நிலம் வாங்கிப் பிள்ளைகளுக்கு விட்டுப்போகவும், கப்பல் வணிகத்தில் எவனும் அந்நியன் என்று வழக்குப் போடாமல் இருக்கவும் இந்தக் காகிதம் வேண்டும். நியூயார்க்கில் பல யூதர்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள். லோபஸின் அண்ணன் மோசஸே அங்கே வாங்கியவர்தான்.

ரோட் ஐலண்ட் உயர்நீதிமன்றம் இழுத்தடித்தது. இருவரும் சட்டசபைக்குப் போனார்கள். கீழவை, சரி, கொடுக்கலாம், ஆனால் வாக்குப் போடவோ பதவி வகிக்கவோ கூடாது என்றது. கேட்காததை மறுப்பதில் சபைக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு. மேலவை, இது நீதிமன்றத்தின் வேலை என்று திருப்பி அனுப்பியது. மனு சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, 1762 மார்ச்சில் தள்ளுபடி ஆனது. எஸ்ரா ஸ்டைல்ஸ் என்ற உள்ளூர்ப் பாதிரியார், பின்னாளில் யேல் கல்லூரித் தலைவர், அன்றைய அமர்வைக் குறித்துவைத்திருக்கிறார். குற்றவாளிகளுக்குத் தண்டனை வாசித்தார்கள், ஒருவனுக்குத் தூக்கு. அதை அடுத்து யூதர்களை அழைத்து, ஏறத்தாழ அதே அளவு அவமானம் தரும் தீர்ப்பை அவர்களுக்கும் வாசித்தார்கள் என்கிறார்.

தீர்ப்பில் காரணங்கள் இருந்தன. 1740 சட்டத்தின் நோக்கம் குடியேற்றங்களில் மக்கள்தொகையைப் பெருக்குவது. இங்கோ இடமில்லாமல் நம் ஆட்களே நோவா ஸ்கோஷியாவுக்குப் போகிறார்கள். பத்தாண்டுகளாக அந்த ஊரிலேயே குடியிருக்கும் மனிதருக்குச் சொல்லப்பட்ட காரணம் இது! அடுத்தது, சாசனத்தின்படி கிறிஸ்தவ சமயத்தை அமைதியாக அனுசரித்துப் பரப்புவதே இந்தக் குடியேற்றத்தின் முதல் நோக்கம். கடைசியாக, 1663-இல் இயற்றிய சட்டப்படி, கிறிஸ்தவர் அல்லாத எவரையும் இங்கே உரிமைக் குடிமகனாகச் சேர்க்க முடியாது. ஆகவே இந்த மனு குடியேற்றத்தின் அடிப்படைக் கொள்கைக்கே முரண்.

அப்போது தலைமை நீதிபதி சாமுவேல் வார்ட். அவருக்கும் ஸ்டீபன் ஹாப்கின்ஸுக்கும் ஆளுநர் பதவிக்காக ஆண்டுக்கணக்கில் நடந்த சண்டையில் ஊரே இரண்டு கட்சி. லோபஸ் பழகியது பெரும்பாலும் ஹாப்கின்ஸ் தரப்போடு. வார்ட் அதே ஆண்டு மே மாதம் ஆளுநரானார். தீர்ப்பில் இந்த வாடை அடிக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கட்சிப் பகை, தீர்ப்பின் நோக்கத்தை மட்டுமே விளக்கும். அதற்கு ஆதாரமாகக் காட்டிய சட்டத்தை விளக்காது. 1663-இல் கிறிஸ்தவர் அல்லாதவரை விலக்கும் சட்டமா? சாசனம் கையெழுத்தான அதே ஆண்டிலா? அப்படி ஒன்று இருந்திருந்தால் 1684-இல் யூதர்களுக்குச் சட்டசபை அப்படிப் பதில் சொல்லியிருக்குமா?

வீட்டுமனை வாங்குகிறவர் மூலப் பத்திரம் கேட்பது போல, நானும் அந்த 1663 சட்டத்தின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனேன்.

முதல் நிறுத்தம் 1719. ரோட் ஐலண்ட் சட்டங்கள் முதன்முதலில் அச்சுப் புத்தகமாக வந்த ஆண்டு. உள்ளூரில் அச்சகம் இல்லாததால் பாஸ்டனில் அச்சிட்டார்கள். பழைய அச்சு, ‘எஸ்’ எழுத்தெல்லாம் நீண்டு ‘எஃப்’ போலத் தெரியும். அதில் 1663 மார்ச் என்று தலைப்பிட்ட பகுதியில் இந்தச் சட்டம் இருக்கிறது. கிறிஸ்தவ சமயத்தை ஏற்று, போதிய சொத்தும் நல்ல நடத்தையும் உடையவராய், ஆட்சியாளருக்குக் கீழ்ப்படிகிற அனைவரும், சமயக் கருத்தில் வேறுபட்டிருந்தாலும், உரிமைக் குடிமகனாகச் சேர்க்கப்படலாம். தேர்ந்தெடுக்கவும் தேர்ந்தெடுக்கப்படவும் தகுதி உண்டு. இடையில் அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கு: ரோமன் கத்தோலிக்கர் மட்டும் நீங்கலாக.

தேதியைக் கவனியுங்கள். அந்நாளைய ஆங்கிலப் பஞ்சாங்கத்தில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். எனவே 1663 மார்ச் என்று எழுதினால் நம் கணக்குக்கு அது 1664. புதிய சாசனத்தின் கீழ்ச் சட்டசபை கூடி வேலையைத் தொடங்கிய அமர்வு அந்த மாதத்தில்தான் நடந்தது. 1762-இல் நீதிபதிகள் ‘1663 சட்டம்’ என்று சொன்னது இந்த அச்சுப் புத்தகத்தின் தலைப்பைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். மூலப் பதிவேட்டை அவர்கள் புரட்டியதாகத் தெரியவில்லை.

நான் பார்ட்லெட்டின் இரண்டாம் தொகுதியைப் புரட்டினேன். 1664 மார்ச் அமர்வின் நடவடிக்கைகள் வரிசையாக இருக்கின்றன. இந்தச் சட்டம் இல்லை. அடுத்த அமர்வில் இல்லை. அதற்கடுத்தும் இல்லை.

எனக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர்கள் இருந்தார்கள் என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. 1780-இல் லண்டனிலிருந்து ஜார்ஜ் சால்மர்ஸ் என்ற அரச விசுவாசி அமெரிக்கக் குடியேற்றங்களின் வரலாற்றை எழுதியபோது, ரோட் ஐலண்ட் பீற்றிக்கொள்ளும் சமயச் சுதந்திரத்தின் லட்சணம் பாருங்கள் என்று இந்தச் சட்டத்தை எடுத்துப்போட்டார். மாநிலத்தின் மானம் போயிற்று. அங்கே செயலராக இருந்த சாமுவேல் எடி, 1663 முதல் 1719 வரை உள்ள பதிவேடுகளை முழுக்கப் பார்த்துவிட்டு, கத்தோலிக்கரை விலக்கும் சட்டம் எதுவும் அவற்றில் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அது ராபர்ட் வால்ஷின் 1819-ஆம் ஆண்டு நூலில் வெளியானது. 1889-இல் சிட்னி ரைடர் என்ற பிராவிடன்ஸ் புத்தக வியாபாரி இந்த ஒரு விதியைப் பற்றி மட்டும் ஒரு தனிநூலே எழுதினார். பழம்புத்தகம் விற்கிறவர்களுக்கு உள்ள பிடிவாதம் பேராசிரியர்களுக்கு வராது.

அவர்கள் எல்லோரையும் உறுத்தியது கத்தோலிக்கரை விலக்கும் அடைப்புக்குறி. எனக்கு வேண்டியது அதற்கு முன்னால் வரும் ‘கிறிஸ்தவ சமயத்தை ஏற்று’ என்ற பகுதி. லோபஸை வெளியே தள்ளியது அதுதானே. அதற்கான விடை 1665-ஆம் ஆண்டில் இருந்தது.

அந்த ஆண்டு, நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களைப் பார்வையிட மன்னர் அனுப்பிய ஆணையர்கள் ரோட் ஐலண்டுக்கு வந்து சில கோரிக்கைகளை வைக்கிறார்கள். அவற்றில் ஒன்று: போதிய சொத்தும் நல்ல நடத்தையும் உடையவராய், ஆட்சியாளருக்குக் கீழ்ப்படிகிற அனைவரும், கருத்தில் வேறுபட்டிருந்தாலும், உரிமைக் குடிமகனாகச் சேர்க்கப்படலாம், தேர்ந்தெடுக்கவும் தேர்ந்தெடுக்கப்படவும் தகுதி உண்டு. சட்டசபை மனமுவந்து ஏற்றுக்கொள்கிறது. 1719 அச்சுப் புத்தகத்து வாசகத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் அதே ஓட்டம், அதே வரிசை. புதிதாக முளைத்திருப்பவை முக்கியமாக இரண்டு: தொடக்கத்தில் கிறிஸ்தவ சமயம், நடுவில் கத்தோலிக்கர் நீங்கல். தேதியும் ஓராண்டு முன்னே நகர்ந்து சாசனத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்குகிறவர்கள் இதைப் பார்த்தால் ஒரு கணம்கூடத் தயங்க மாட்டார்கள். இடைச்செருகல்.

யார் செருகியது? ஒருவர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்ட ஆவணங்கள் இடம் தரவில்லை. ஆனால் எந்தச் சூழலில் நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1688-இல் இங்கிலாந்தில் கத்தோலிக்க மன்னர் விரட்டப்பட்டுப் புராட்டஸ்டண்ட் அரசு வந்தது. 1699-இல் மாசசூசட்ஸ் ஆளுநர் பெல்லமாண்ட் பிரபு ரோட் ஐலண்டுக்கு வந்து, இவர்களுடைய சட்டங்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன என்று லண்டனுக்கு மோசமான அறிக்கை அனுப்பினார். சாசனமே பறிபோகலாம் என்ற பயம். சட்டங்களைத் திரட்டிச் சீர்படுத்தக் குழுக்கள் போட்டார்கள். மேலிடத்தின் கண்ணுக்கு நல்லபிள்ளையாகத் தெரியவேண்டும் என்று அந்தக் குழுக்களில் இருந்த யாரோ பேனாவை ஓட்டியிருக்கிறார்கள் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அது வன்மத்தோடு செய்ததாகத் தெரியவில்லை. 1680-இல் ஆளுநர் பீலக் சான்ஃபோர்ட் லண்டனுக்கு எழுதிய அறிக்கையில், இங்கே கத்தோலிக்கர் யாரும் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை என்கிறார். இல்லாதவர்களை விலக்கி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருப்பார்கள். நஷ்டப்பட்டது, இருந்தவர்கள்.

இதில் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1719-இல் கள்ளமாக நுழைந்த சொற்கள் 1730, 1745 எனப் பிந்தைய தொகுப்புகளிலும் அச்சாகி, சட்டசபையின் ஒப்புதலோடு வெளிவந்தன. எனவே 1762-இல் நீதிபதிகள் போலிச் சட்டத்தை வைத்துத் தீர்ப்பளித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அதற்குள் அது மெய்ச் சட்டமாகிவிட்டிருந்தது. ஆனால் அவர்கள் அதைக் குடியேற்றத்தின் ஆதிக் கொள்கை என்றார்களே, அதுதான் பொய். பிறகு, அந்த விதி பேசுவது வாக்குரிமை பெறுவதைப் பற்றி. லோபஸ் கேட்டது நாடாளுமன்றச் சட்டப்படியான குடியுரிமை. இரண்டும் வேறு. இந்த வேறுபாடு நீதிபதிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

லோபஸ் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. பாஸ்டனில் தனக்கிருந்த வணிகத் தொடர்புகள் வழியாகச் சட்ட ஆலோசனை கேட்டார். எல்லையைத் தாண்டி மாசசூசட்ஸைச் சேர்ந்த ஸ்வான்சி ஊரில் கொஞ்ச காலம் குடியிருந்தார். 1762 அக்டோபர் 15-இல் டான்டன் நகரில் கூடிய மாசசூசட்ஸ் உயர்நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தார். பிரமாணத்தில் அந்தக் கிறிஸ்தவச் சொற்களை விட்டுவிட அனுமதித்தார்கள். ரோஜர் வில்லியம்ஸை விரட்டிய மாசசூசட்ஸ், மேரி டையரைத் தூக்கிலிட்ட மாசசூசட்ஸ், ரோஜர் வில்லியம்ஸின் மண் மறுத்ததை ஒரே அமர்வில் கொடுத்துவிட்டது. எலிசர் நியூயார்க்குக்குப் போய் 1763-இல் வாங்கிக்கொண்டார். குடியுரிமை கையில் வந்ததும் லோபஸ் நியூபோர்ட்டுக்கே திரும்பினார். அந்த ஊரை அவர் வெறுக்கவில்லை. பீட்டர் ஹாரிசன் வடிவமைத்த யூத ஆலயம் 1763 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்டபோது, ஸ்டைல்ஸ் பாதிரியாரும் வந்து உட்கார்ந்து பார்த்தார். இன்று டூரோ ஆலயம் என்று அழைக்கப்படுவது அதுதான்.

இந்தத் தீர்ப்பு வந்தபோது செய்ஷஸுக்கு 18 வயது இருக்கும். தன் சமூகத்தின் ஆகப்பெரிய வணிகருக்கே இந்தக் கதி என்பது அந்தத் தலைமுறைக்கு மறந்திருக்காது.

பிறகு புரட்சிப் போர். 1776 டிசம்பரில் பிரிட்டிஷ் படை நியூபோர்ட்டைப் பிடித்தது. லோபஸ் குடும்பத்தோடு மாசசூசட்ஸின் லெஸ்டர் ஊருக்குப் போய்விட்டார். போர் ஓயும் நேரத்தில், 1782 மே 28-இல், நியூபோர்ட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு குளத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனவர் புதைமணலில் சிக்கி, குடும்பத்தாரின் கண்ணெதிரே மூழ்கி இறந்தார். 1762-இல் யூதர்களின் அவமானத்தில் ஏதோ தெய்வச் செயலைக் கண்ட ஸ்டைல்ஸ், இப்போது தன் நாட்குறிப்பில் லோபஸைப் போன்ற பண்பாளரைக் காண்பது அரிது என்று உருகுகிறார். அவருக்கும் வயதாகியிருந்தது.

லோபஸ் இறந்து ஒன்பது மாதம் கழித்து, 1783 பிப்ரவரியில், ரோட் ஐலண்ட் சட்டசபை கத்தோலிக்கர் மீதான விலக்கை நீக்கியது. இதற்குக் காரணம் மனமாற்றம் மட்டுமல்ல. 1780 ஜூலையில் ரோஷாம்போ தளபதியின் பிரெஞ்சுப் படை நியூபோர்ட்டில் வந்து இறங்கி ஓராண்டு வரை தங்கியிருந்தது. நம் விடுதலைக்குத் துப்பாக்கி தூக்கி வந்தவர்கள் கத்தோலிக்கர்; நம் சட்டப் புத்தகமோ கத்தோலிக்கரை ஒதுக்குகிறது. வெட்கமாகத்தானே இருக்கும்? ஆனால் திருத்தத்தை எடுத்து வாசித்தபோது நான் எதிர்பார்த்தது அதில் இல்லை. நீக்கியது நடுவே இருந்த அடைப்புக்குறியை மட்டும். முன்னால் இருந்த ‘கிறிஸ்தவ சமயத்தை ஏற்று’ என்பதில் கைவைக்கவில்லை. இரண்டு செருகல்களில் ஒன்றுக்குத்தான் பரிகாரம்.

இதைத் தெரிந்துகொண்டு 1790-க்குத் திரும்பினால் செய்ஷஸின் மடல் வேறு மாதிரி ஒலிக்கிறது. புதிய அரசமைப்பில் சேரமாட்டேன் என்று ரோட் ஐலண்ட் கடைசிவரை முரண்டு பிடித்தது. 1789-இல் நியூ இங்கிலாந்து சுற்றுப்பயணம் போன வாஷிங்டன், அந்த மாநிலத்தை மட்டும் வேண்டுமென்றே தவிர்த்தார். 1790 மே 29-இல் 34-க்கு 32 என்ற வாக்கில், நூலிழையில், அது இணைந்தது. ஜூன் 7-இல் உரிமைகள் சாசனத் திருத்தங்களை ஏற்றது. சமயத்தைப் பற்றி காங்கிரஸ் சட்டமியற்றக் கூடாது என்ற திருத்தமும் அவற்றில் ஒன்று. மத்திய அரசில் பதவி வகிக்க எந்தச் சமயச் சோதனையும் கூடாது என்பது அரசமைப்பிலேயே இருந்தது. ஆகஸ்ட்டில் வாஷிங்டன் வருகிறார், கூடவே வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன். ஊர்ப் பிரமுகர்கள், பாதிரிமார்கள், ஃப்ரீமேசன் சபையார், யூதர்கள் என ஆளுக்கொரு மடல். செய்ஷஸ் மேசன் சபையின் மடலிலும் கையெழுத்திட்டார். ஊரில் மதிப்புள்ள ஆள்தான்.

அப்படிப்பட்டவர் யூத சபைக்காக எழுதிய மடலில் எங்களுக்கு உரிமைகள் இல்லாதிருந்தன என்கிறார். நன்றி சொல்வதோ, எந்த இனமானாலும் எந்த மொழி பேசினாலும் அனைவரையும் சம பங்காளிகளாகக் கருதும் புதிய மத்திய அரசு அமைந்ததற்கு. ரோட் ஐலண்ட் அரசுக்கு அதில் ஒரு சொல் நன்றி இல்லை. ரோஜர் வில்லியம்ஸ் இல்லை, 1663 சாசனம் இல்லை. வரவேற்பு மடலில் உள்ளூர்ப் பெருமை பேசாமல் விடுவது எந்த நாட்டிலும் வழக்கமில்லையே. மாநிலத்தின் தலைக்கு மேலாக, நேரே அதிபரைப் பார்த்துப் பேசும் கடிதம் அது. பழைய சட்டத்தைச் சுட்டிக்காட்டவில்லை, தீர்ப்பைச் சுட்டிக்காட்டவில்லை. ஊரில் தொழில் நடத்தவேண்டிய மனிதர். ஐந்தாண்டு கழித்து அங்கே வங்கி தொடங்கியபோது அவரே அதன் காசாளர். ஆனால் மறைமுகமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். மதவெறிக்கு இடமில்லை என்ற அந்தத் தொடர், வழக்கில் தோற்ற ஒரு சமூகத்தின் மேல்முறையீடு போலத்தான் எனக்குக் கேட்கிறது. அதிபர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தது, சட்டப்படி தீர்ப்பாகாது என்றாலும், அவர்களுக்குக் கிடைத்த ஒரு சாதகமான பதில்.

ரோட் ஐலண்ட் தன் சட்டத் தொகுப்பை 1798-இல் மறுபடி திருத்தியது. அப்போது சமயச் சுதந்திரத்துக்கென்று தனிச்சட்டம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் முகப்புரைக்கு அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது ரோஜர் வில்லியம்ஸின் எழுத்தை அல்ல. வர்ஜீனியாவின் சமயச் சுதந்திரச் சட்டத்துக்காக ஜெஃபர்சன் எழுதிய வாசகத்தை.